மதுவந்தியின் பேய்

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்தபடி வீட்டுக்குள் நுழைந்த குணசீலனுக்கு, மகளின் அலறல் கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விளையாடுபவர் மனதைப் படித்து, அவரவர் பயத்தையே பேயாக்கிக் காட்டும் கேமாம். மதுவந்திக்குத் தினமும் இதே கூத்துதான்.

“அப்படி என்னதான் இருக்கு, பாப்போம்!” அவள் மாட்டியிருந்த கேம் கண்ணாடியைப் பிடுங்கித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டார். அவள் பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே ஓடியது.

உள்ளே அவர்கள் வீட்டு ஹால்தான். சோபாவில் அவர் மனைவி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடும் சத்தம். சட்டென்று டிவி அணைந்தது. மனைவி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். வெளியே யாரோ கனைத்தார்கள்.

“இதுக்கா இந்தக் கத்து கத்துற? பேய் எங்கடி?”

மதுவந்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்குப்பா.”