பதினைந்தாம் நம்பர் யாருக்கு?

"பாண்டிராஜை எடுக்கவே கூடாது. பெஞ்சுல கூட உக்கார வைக்கக் கூடாது" என்றார் விஜயசங்கர்.

நேரலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வீரகேரளம்புதூர்க்காரர்கள். பாண்டிராஜுக்கும் அதே ஊர்தான். கமெண்டில் வசவு குவிய ஆரம்பித்தது.

அடுத்த வாரம் கொழும்பில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ரக்பி டெஸ்ட் தொடர். மறுநாள் காலையில் அணியை அறிவிக்கிறார்கள். அதற்குத் தென்காசியில் இருந்துகொண்டு முன்னோட்டம் நடத்தும் துணிச்சல் ஸ்ரீவித்யா ஒருத்திக்குத்தான் இருந்தது. குற்றாலம் ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மாடி அறைதான் அவளுடைய யூடியூப் சேனல்.

அவளுக்கு ஒரு பக்கம் விஜயசங்கர். ஒரு காலத்தில் இந்திய அணியில் கடைசி ஆளாகப் பின்னால் நிற்பவருக்கான பதினைந்தாம் நம்பர் சட்டையைப் போட்டவர். சென்னை வாசத்தை முடித்துப் போன வருஷம்தான் ஊர் திரும்பியிருந்தார். இன்னொரு பக்கம் பாண்டிராஜின் தாய்மாமன் நல்லதம்பி. அவருக்கு ரக்பி பழக்கமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. குரலில் அது தெரியாது.

"என்ன சார் இப்படிப் பேசுதிய? கடைசி ஆளா நின்னு, ஒசரத்துல வார பந்தை அவன் மாதிரி பிடிக்க யாரு இருக்கா? ஸ்ரீவித்யா மேடம், நீங்களே சொல்லுங்க."

ஸ்ரீவித்யா கணினிப் பக்கம் திரும்பினாள். போன மாத ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டாள். பந்தோடு வரும் பாண்டிராஜின் தலையில் எதிரணிக்காரனின் முழங்கால் இடிக்கிறது. விழுகிறான். எழுந்து ஓடுகிறான். கூட்டம் கைதட்டுகிறது.

"கை தட்டுதாங்க. பய எங்கன போய் நிக்கான்னு பாருங்க" என்றார் விஜயசங்கர். "எதிர் டீம் வரிசையில நிக்கான்."

"சட்டை ஒண்ணுபோல இருந்திருக்கும்" என்றார் நல்லதம்பி.

"ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம்."

நல்லதம்பி தண்ணீர் குடித்தார்.

"தலையில இது அவனுக்கு ரெண்டாவது அடி. சின்னப் பயலா இருக்கும்போதே அவனை எனக்குத் தெரியும். நல்லா ஆடுவான். அதனாலதான் சொல்லுதேன், வேண்டாம்" என்றார் விஜயசங்கர். பிறகு மற்ற இடங்களுக்கு ஆள் சொன்னார். தான் தலையில் அடிபட்டு விழுந்தும் எழுந்து ஆடிய பழைய ஆட்டம் ஒன்றை, யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார்கள் என்பது வரை விவரித்தார். கடைசியில் ஸ்ரீவித்யா பக்கம் திரும்பினார். "ஆமா, இப்ப நாம யாரு கூட ஆடுதோம்?"

"இலங்கை கூட சார்."

இந்தக் கேள்வியை அவர் கேட்பது அது இரண்டாவது முறை. முதல் முறை எல்லோரும் சிரித்தார்கள். இப்போது, 'எதிர் டீம் பேரு கூட ஞாபகம் இல்லாத மாதிரி என்ன திமிரு' என்று எழுதினார்கள். 'தன் சட்டையை ஒரு சின்னப் பையன் போடப்போறான்னு வயித்தெரிச்சல்' என்று இன்னொருவர் எழுத, அதற்கு நிறைய லைக் விழுந்தது.

இடைவேளையில் ஸ்ரீவித்யா குனிந்து, அவர் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "தேங்க்ஸ் மேடம்" என்று அவர் கூச்சத்தோடு சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்து கேமராவை அணைத்ததும் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சாரலில் நனைந்தபடி பாண்டிராஜே வந்து நின்றான். கையில் போன்.

"அண்ணாச்சி, இப்ப கோச் பேசுவாரு. தலைவலி இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் டீம்ல இருக்கேன். இதைப் பாத்துட்டு அவரு மனசு மாறிட்டா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

விஜயசங்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். "உக்காருங்க தம்பி. உங்களுக்கு எந்த ஊரு?"

பாண்டிராஜின் முகம் சுண்டிவிட்டது. "தெரியாத மாதிரி கேக்கியளா? நீங்க லீவுக்கு வாரப்பல்லாம் உங்க பின்னாலயேல்லா திரிஞ்சேன். பந்து பிடிக்கவே உங்ககிட்டதான அண்ணாச்சி படிச்சேன்!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் தம்பி."

"ஏலே, இந்த ஆளுகிட்ட என்ன பேச்சு? வா" என்று நல்லதம்பி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

போன் அடித்தது. கோச்தான்.

"நல்லது. உங்க முன்னாலயே சொல்லுதேன்" என்று பாண்டிராஜ் போனை எடுக்க விரலைக் கொண்டுபோனான்.

விஜயசங்கர் அவனைக் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திடீரென்று பரபரத்து எழுந்தார். முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்கிற தயக்கத்தோடு ஸ்ரீவித்யாவிடம் சொன்னார்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. என்னைய வீட்டுல கொண்டு விட்டுருதியளா? என் வீட்டுக்காரி தேடுவா. ஸ்ரீவித்யான்னு பேரு."

"சரி சார், வாங்க" என்று ஸ்ரீவித்யா குடையை எடுத்தாள். இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் படியிறங்கும் வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாண்டிராஜ் எடுத்துக் காதில் வைத்தான்.

"இருக்கு சார். தலைவலி இருக்கு."