படையல் கோழி

நாளைப் படையலுக்கு அறுக்க வைத்திருந்த கோழிக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டது. துளசிமணியின் செத்துப்போன புருஷன் உள்ளங்கையில் அரிசி வைத்து வளர்த்த கோழி. அவனுக்கு அதையே படைப்பதென்று நாத்தனார் பூங்கோதைதான் முடிவு செய்திருந்தாள்.

“எங்கண்ணனாட்டமே நல்ல நாளாப் பாத்து சீக்காகுது பாருங்க. முட்ட வந்துட்டா இதுவே ஆகட்டும் அண்ணி. வரலன்னா சீக்குக் கோழியப் படைக்கக்கூடாது, சந்தையில வேற புடிச்சுக்கலாம்.”

துளசிமணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோழியை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்தாள். விளக்கெண்ணெய் தொட்டு அடிவயிற்றை நீவினாள். பிழைத்தால் நாளை கத்தி என்ற நினைப்பு வந்ததும் விரல்கள் நின்றன. கோழியின் கண்கள் செருகத் தொடங்கின. பதறிப்போய் மறுபடி நீவினாள். கோழி முக்கியபோது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முட்டை வழுக்கி அவள் கையில் விழுந்தது.

“வந்துருச்சா அண்ணி?” கதவுக்கு வெளியே பூங்கோதை நின்றிருந்தாள்.

துளசிமணி முட்டையை அவசரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். இடுப்பில் சுட்டது.

“இல்லயே பூங்கோத. நீ சந்தைக்குக் கெளம்பு.”

கோழி இறகைச் சிலிர்த்து எழுந்தது. முட்டையிட்ட கோழிகள் செய்வதுபோலக் கொக்கரிக்கக் கழுத்தை நீட்டியது. அவள் பாய்ந்து அதன் அலகைப் பொத்தினாள்.

வெளியே பூங்கோதை கிளம்பும் காலடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.