கால் டேங்க்

“எத்தனால் எவ்வளவு கலந்தீங்க?” கழற்றிய பிஸ்டனை நீட்டினார் மெக்கானிக். நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தது.

“கால் டேங்க். மீதி பெட்ரோல். வெறும் பெட்ரோல்ல எஞ்சின் டக்டக்குன்னு தட்டுதுன்னு நீங்கதானே கலக்கச் சொன்னீங்க?”

“பழைய டர்போ கார், கால்தான் தாங்கும். இதுல பாதி இருக்கே! எஞ்சினே வெந்துபோச்சு. இந்த மாடலுக்கு வேற எஞ்சினும் கிடைக்காது. உடைக்கத்தான் போடணும்.”

“அப்பா ஓட்டின வண்டி சார். அளந்துதான் ஊத்தினேன்!”

“அப்ப இன்னொரு கால் டேங்கைப் பேயா வந்து ஊத்திச்சு?”

அடுத்த வாடிக்கையாளர் என்று மெக்கானிக் நினைத்திருந்தவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“நான்தான் ஊத்தினேன்.”

“நீங்க யாரு சார்?”

“அவனோட அண்ணன். மாடியில இருக்கேன். ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டுறோம். என் வாரம் முடிஞ்சதும், அவனுக்கு எஞ்சின் தட்டக் கூடாதேன்னு கலந்துவச்சேன்.”

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

தம்பி தரையைப் பார்த்தான். “அப்பா போனதுலேருந்து பேச்சு இல்லை சார். படிக்கட்டு ஆணியில சாவியை மாட்டுவோம், எடுப்போம். அவ்வளவுதான்.”

அண்ணன் மெக்கானிக்கிடம் மெதுவாகச் சொன்னார்.

“இனிமே அந்தச் சாவியும் இல்லேன்னு அவன்கிட்ட சொல்லுங்க சார்.”