இரவல் சுளகு

"இண்டைக்கும் சுளகோ? காய்ச்சலோடையுமோ?"

நான் கத்தினதற்கு அம்மா கோபிக்கவில்லை. போர்வைக்குள் இருந்தபடியே சொன்னா.

"எனக்கு ஏலாது லியோன். நீ போய் அன்னபூரணம் மாமியிட்டை வாங்கிக்கொண்டு வா. வாங்கின கையோடை ஓடி வராதை. அவ கதைச்சால் இருந்து கேள்."

எங்கள் குசினிச் சுவரிலேயே அரிசி புடைக்கிற சுளகு ரெண்டு தொங்குகிறது. இருந்தும் அம்மா நாற்பது நாளாய் அங்கே போய் இரவல் வாங்குகிறா. பின்னேரம் கொண்டுபோய்க் கொடுக்கிறா. அடுத்த நாள் திரும்பவும் வாங்குகிறா. ஒழுங்கைச் சனமே சிரிக்கிறது. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்து வீட்டில் நிற்கிற நான்தான் அந்தச் சிரிப்பெல்லாம் கேட்கவேண்டியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வேதக் கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை வந்தார்.

"மதலேனா, வேதம் சொல்ல எண்டு செபக் கூட்டத்திலை ஆளுக்கொரு வீடு பொறுப்பெடுத்தனாங்கள். சந்தியோகு தான் எடுத்த வீட்டிலையிருந்து ரெண்டு பேரைக் கோயிலுக்கே கூட்டி வந்திட்டார். நீர் அந்த வீட்டிலை யேசுவின்ரை பேரையாவது சொன்னனீரோ?"

"இல்லை மூப்பர்."

"அப்ப நாற்பது நாளாய் அங்கை என்ன செய்யிறனீர்?"

"கேட்டுக்கொண்டு இருக்கிறனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன், நான் மூப்பர் பக்கம்தான்.

வெளியே வந்ததும் மூப்பர் ஒரு கடதாசியை மடித்து என் கையில் வைத்தார்.

"நீ படிச்ச பெடியன். கொம்மா செய்யாததை நீ செய். மாமிக்கு முன்னாலை இருந்து இதைச் சத்தமாய் வாசி. அந்தத் தாய்க்கு ஆறுதலாய் இருக்கும்."

மாமி சைவக்காரி. ஒரே மகன், அரியநாயகம். சித்திரை மாதம் எங்கள் நெடுந்தீவிலிருந்து லோஞ்சுப் படகில் குறிகட்டுவான் துறைக்குப் போனவன், திரும்பவில்லை. ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர். இயக்கத்துக்குப் போனான் என்று சிலர். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"கொம்மா எங்கை?" என்றா மாமி, நான் வாசல் படலையைத் திறந்ததும்.

"காய்ச்சல். சுளகு வேணுமாம்."

மாமி சிரித்தா. "உங்கடை குசினியிலை ரெண்டு தொங்குது. எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் குடுக்கிறனீங்கள்?" எனக்கு வாய் நிற்காது.

"சும்மா வந்து குந்தினால் அது துக்கம் விசாரிக்கிறது, தம்பி. அதுக்குப் பயந்து என்ரை சொந்தமே இந்தப் படலையைத் திறக்குதில்லை. கொம்மா சுளகைச் சாட்டிக்கொண்டு வாறவ. சுளகு இரவல் கேட்டு வாற வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லைத்தானே?"

நான் கதிரையில் இருந்தேன். மாமி தொடங்கினா.

"அவனுக்கு அப்ப எட்டு வயசு. தீவு வெட்டவெளியிலை மேயிற காட்டுக்குதிரை ஒண்டைக் கயிறு போட்டுப் பிடிச்சு, முருங்கையிலை கட்டிப்போட்டு நிக்கிறான். 'அம்மா, இனி நீங்கள் கோயிலுக்கு நடக்கத் தேவையில்லை' எண்டு சொல்லுறான்!"

என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். மாமி சட்டென்று என்னைப் பார்த்தா.

"இதெல்லாம் கேட்கேக்கை கொம்மான்ரை வாய் அசையும். என்ன சொல்லுறவ?"

"செபம். அரியநாயகம் அண்ணை வரவேணும் எண்டு யேசுவிட்டைக் கேட்கிறவ."

மாமி சுளகை எடுத்து மடியில் வைத்தா.

"அப்ப நான் கதைச்சதெல்லாம் அங்கையும் கேட்டிருக்கும், என்ன?"

"ஓம் மாமி."

"நீயும் ஒருக்கா அவரிட்டைச் சொல்லன், தம்பி."

மூப்பர் நின்றிருந்தால் சந்தோஷத்தில் துள்ளியிருப்பார். கடதாசியை எடுத்து விரித்தேன்.

'மரித்தவர்களுக்கான செபம்' என்று மேலே அச்சடித்திருந்தது. பெயர் எழுத விட்டிருந்த இடத்தில், மூப்பரின் வடிவான கையெழுத்தில்: அரியநாயகம்.

மாமி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தா.

சத்தமாய் வாசிக்கச் சொல்லித்தான் மூப்பர் அனுப்பினவர். கடதாசியை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

"செபம் சொல்லுறன் மாமி. முதல்லை நீங்கள் சொல்லுங்கோ, பிறகு அந்தக் குதிரை என்ன செய்தது?"