உட்கார்ந்து கடந்தவர்

படகில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். அல்விசே புசெத்தோ, அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி ஒத்தோரீனோ, மீன் வாங்கப் போன இனெஸ் அம்மாள், முன்துடுப்பில் சாந்த்ரோ, பின்துடுப்பில் மார்த்தா. ஆறாவது ஆள் கிடையாது. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

ஒத்தோரீனோவுக்குக் காலையிலிருந்தே குறுகுறுப்பு.

அவர் மலைக்காரர். எழுபது வயதுவரை மாடும் பாலாடைக்கட்டியுமாக இருந்துவிட்டு, மகனோடு இருக்க, வெனிஸுக்கு எதிர்க்கரை ஊரான மெஸ்த்ரேக்கு இறங்கி வந்தவர். வந்த நாள்முதல், கீழ்வீட்டு அல்விசேயிடம் வெனிஸைச் சுற்றிக் காட்டும்படி நச்சரித்துக்கொண்டிருந்தார். ரயிலில் பத்தே நிமிடம். ஆனால் வெனிஸில் பிறந்து, அங்கேயே நாற்பது வருடம் துடுப்புப் போட்ட அல்விசே, எட்டு வருடமாக அந்தக் கடல்மேல் ரயில் பாலத்தைத் தாண்டவில்லை.

"பாக்க என்ன இருக்கு அங்க? தண்ணிதான்" என்பார்.

போன வாரம் அவரே கேட்டார்: "செவ்வாக்கெழம போலாமா?"

புதன்கிழமை தோதுப்படும் என்றார் ஒத்தோரீனோ. புதன் ஆகாது என்றுவிட்டார் அல்விசே. காரணம் சொல்லவில்லை.

நகரத்திலும் எதையும் காட்டவில்லை. தேவாலயத்தைத் தாண்டினார், சதுக்கத்தைத் தாண்டினார், ஒத்தோரீனோ ஆசையோடு எட்டிப் பார்த்த பலகாரக் கடையையும் தாண்டினார். நேரே பெருங்கால்வாய்ப் படித்துறையில் போய் நின்றார்.

எதிர்க்கரையில் மீன் சந்தை. அங்கே பாலம் இல்லை. கொண்டோலா என்னும் ஒடுங்கிய படகில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போட்டு ஆட்களை அக்கரை சேர்ப்பார்கள்.

முதல் படகு வந்தது. அல்விசே ஏறவில்லை.

"யோவ், காலியாத்தானே இருக்கு?"

"அடுத்ததுல போலாம். கேட்டுக்கோ, ஏறினதும் நிக்கணும். கரையப் பாத்து நிக்கணும். பின்னால திரும்பினா, துடுப்புக்காரன நம்பலேன்னு ஆயிரும். உக்கார்றவன் வெளியூர்க்காரன். அவன் எத வேணாலும் வாயப் பொளந்து பாத்துட்டு வரலாம்."

"பாரேன், ஒன் முழங்காலுக்கு நீதான் மொதல்ல உக்காருவ."

"எங்க தாத்தா பொணமாத்தான் படகுல படுத்தாரு. உக்காரல. புசெத்தோ வீட்டுல எவனும் உக்காந்ததில்ல."

சீட்டு மேசையில் நூறு தடவை கேட்ட பெருமைதான். மூன்று தலைமுறைத் துடுப்பு. உனக்குப் பிறகு யார் என்று கேட்டால் மட்டும் அல்விசே வாயைத் திறக்க மாட்டார். எங்கோ ஒரு மகள் இருப்பதாகக் கேள்வி. இந்தக் காலத்தில் பெண்களும் கொண்டோலா ஓட்டுகிறார்களாமே என்று ஒருமுறை யாரோ சொல்லப்போக, "துடுப்பு பொம்பளைக்கு இல்ல" என்று சீட்டை விசிறியடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது படகு வந்தது.

பின்துடுப்பில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். "மார்த்தா, மெதுவா" என்றான் முன்னால் நின்ற சாந்த்ரோ. அவள் படித்துறையை நிமிர்ந்து பார்த்தாள். துடுப்பு தண்ணீருக்கு மேலேயே சற்று நின்றது.

ஒத்தோரீனோ அல்விசேயைப் பார்த்தார். இந்த மனிதர் இதில் ஏறுவாரா?

மெஸ்த்ரேயில் அவர்கள் கட்டடத்திலேயே மேல்வீட்டில் இருக்கும் இனெஸ் அம்மாள் எங்கிருந்தோ பையோடு வந்து, ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு முதலில் ஏறினார். கரையைப் பார்த்து நின்றுகொண்டார். அடுத்து ஒத்தோரீனோ, கன்றுக்குட்டிபோலக் கால் நடுங்க.

கடைசியாக அல்விசே. தடுமாறாமல் இரண்டு எட்டு வைத்தார்.

உட்கார்ந்தார்.

படகின் பின்பக்கம் பார்த்து, குறுக்குப் பலகையில், வெளியூர்க்காரன்போல உட்கார்ந்தார்.

ஒத்தோரீனோவுக்குக் கேலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நகரும் படகில் திரும்பக் கூடாது என்பது தெரியும். மலைக்காரனுக்கு என்ன சட்டம் என்று திரும்பிவிட்டார்.

அல்விசேயின் முதுகு கம்பமாக நிமிர்ந்திருந்தது. கண் மார்த்தாவின் பாதங்களில் இருந்தது. அங்கிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. பிறகு முகத்துக்கு.

ஒரு விசைப்படகு குறுக்கே போக, அலை வந்து மோதியது. மார்த்தாவின் பின்னங்கால் ஒரு சாண் பின்வாங்கி ஊன்றியது. அதே கணத்தில், பலகைக்கடியில் அல்விசேயின் காலும் ஒரு சாண் பின்வாங்கி ஊன்றியது.

கேலி வந்த வழியே உள்ளே போய்விட்டது.

அக்கரையில் இனெஸ் அம்மாள் இறங்கிச் சந்தைக் கூட்டத்தில் கலந்தார். அல்விசே அசையவில்லை.

"அப்பா, எழுந்திருங்க, கரை வந்துருச்சு" என்றாள் மார்த்தா.

அல்விசே பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு நட போ."

மறுநாள் மெஸ்த்ரே சீட்டு மேசையில் வேறு கதை ஓடியது. நடுக்கால்வாயில் கிழவருக்குத் தலை சுற்றியதாம், முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கிளப்பியவர் இனெஸ் அம்மாள். முறைப்படி கரையைப் பார்த்து நின்றவருக்கு, முதுகுக்குப் பின்னால் நடந்தது எப்படித் தெரியும்?

தலை சுற்றவில்லை. முழங்கால் மடங்கவில்லை. அன்று அல்விசே ஆறு நடை போனார், ஆறிலும் உட்கார்ந்தே போனார். நின்றிருந்தால் மகளுக்கு முதுகைக் காட்டியிருக்க வேண்டும். அதை அவர் எட்டு வருடம் காட்டியாயிற்று.