ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

வீடியோ காலில் கான்ட்ராக்டர் சவரிமுத்து பாத்ரூம் கதவைத் தள்ளினார்.

சிங்கப்பூரில், தன் சமையலறையில் நின்றபடி அவள் பார்த்தாள்.

திருச்சி கருமண்டபத்தில் அவள் சம்பாதித்துக் கட்டிய வீடு. வாடகைக்கு விட்டிருந்தது. போன குடித்தனம் காலி செய்த பிறகு வேறு ஆள் வரவில்லை. "பாத்ரூம் பழசா இருக்குக்கா. வர்றவன்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறான்" என்று தம்பி மாசாமாசம் சொன்னான். சரி பண்ணேன்டா என்றால், பார்க்கலாம் என்பான்.

அவன் பார்த்து முடிப்பதற்குள் வீடே விழுந்துவிடும். அவனிடம் மூச்சு விடாமல் அவளே இந்தக் கான்ட்ராக்டரைப் பிடித்தாள். மீட்டர் பெட்டிக்குள் சாவி இருக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

"சாவியே தேவைப்படல மேடம். வாட்ச்மேன் தொறந்துவிட்டாரு."

வாட்ச்மேனா?

தம்பி வைத்திருப்பான். பரவாயில்லையே, பயலுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சவரிமுத்து சுவரைத் தட்டிக் காட்டினார். ஓதம் ஏறியிருந்தது. டைல்ஸ் மொத்தமும் பெயர்க்க வேண்டும். குழாய் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

"இண்டியன் டாய்லெட்டை எடுத்துட்டு வெஸ்டர்ன் வச்சிருவோம். பக்கத்துலயே பிடிச்சு எந்திரிக்க ஒரு கைப்பிடி போட்டுரலாமா?"

"வாடகை வீட்டுக்கு எதுக்குங்க கைப்பிடி? வேணாம்."

அவர் போனைக் கீழே இறக்கினார்.

டாய்லெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை. ஓட்டையின் விளிம்பு காலில் குத்தாமலிருக்கப் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"வாட்ச்மேனோடது மேடம். முட்டி மடங்கல. ஓட்டையத் தானே அறுத்துக்கிட்டாராம். கைப்பிடியும் அவரு கேட்டதுதான். நான் கேட்டேன்னு ஓனர்கிட்ட சொல்லாதீங்கன்னாரு."

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தாள். அப்போதுதான் கதவோரம் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

கறுப்புச் செருப்பு. ஒட்டுப்பட்டை வைத்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் புண் வந்துவிடக்கூடாதென்று அளவு கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கி அவளே வாங்கி அனுப்பியது.

அப்பா இருப்பது அதே திருச்சியில், தில்லைநகரில், தம்பி வீட்டில்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவுக்கு அனுப்பியதை வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். நாளைக்குக் கூப்பிடும்போது அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட வேண்டும்.

"நாளைக்கே வேலைய ஆரம்பிங்க," என்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மேடம். திங்கக்கிழமை வாங்கங்கிறாரு. ஞாயித்துக்கிழமை காலையில இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாராம். யாரோ கார்ல வந்து கூட்டிட்டுப் போவாங்களாம். மத்தியானமே திரும்பக் கொண்டாந்து விட்டுருவாங்களாம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அப்பாவோடு பேசுவாள். தம்பியின் போனில். தம்பி வீட்டு சோபாவில் அப்பா உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எனக்கென்னம்மா குறை, ராஜா மாதிரி இருக்கேன் என்பார். தம்பி மனைவி பக்கத்தில் காபியோடு நிற்பாள்.

இருக்காது.

இருக்கவே இருக்காது.

"பேரு என்ன அவருக்கு?" என்று கேட்க வாயெடுத்தாள்.

"இதோ, அவரே வந்துட்டாரு. பெரியவரே, டீயெல்லாம் எதுக்கு? ஓனரம்மா லைன்ல இருக்காங்க. கைப்பிடி வேணும்னு நீங்களே கேளுங்க."

போன் திரும்பியது.

கையில் டீ கிளாஸ். நாலு நாள் தாடி. தோளில் துண்டு. பனியனுக்கு வெளியே எலும்பு தெரிந்தது.

அப்பா அவளைப் பார்த்தார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். வீட்டுக்கு வந்த எந்த அதிகாரியையும் உட்கார்ந்தபடியே வாங்க என்று சொன்னவர்.

டீ கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வணக்கம்ங்க மேடம்."



 அவர் கண் அவளை விட்டு நகரவில்லை. ஊரான் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று அது கெஞ்சியது. தம்பியையும்தான்.

"வணக்கம்ங்க," என்றாள் அவள்.

சவரிமுத்து போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவருக்குச் சொல்லக் கூச்சம் என்று சிரித்தார்.

"அப்ப கைப்பிடி வேணாம்தானே மேடம்?"

"வைங்க. ரெண்டு பாத்ரூம்லயும் வைங்க. அவருக்கு எந்த உயரத்துல கை எட்டுதோ, அந்த உயரத்துல."

"சரிங்க மேடம். அளவு எடுத்துக்கறேன்."

"நாளைக்குக் காலையில நான் அங்க வர்றேன்."

அவருக்குப் பின்னால், கதவோரம், அப்பா வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டுவது தெரிந்தது.

"நாளைக்கா? வீடு பூட்டியிருக்குமே மேடம். ஞாயித்துக்கிழமை அவரு இருக்க மாட்டாரு."

"இருப்பாரு," என்றாள்.