ஒண்டிக்கட்டை

அபாய மணி அலறியதில் என் கையிலிருந்த காபி மேசை முழுக்கச் சிந்தியது.

திரையில் சிவப்பு எழுத்துகள்: 'டிரில் சிக்கியது. தானாக விடுபடவில்லை.'

என் மனைவி ஒரு விண்கல்லின் முதுகில் தனியாக இருந்தாள். கல்லைத் துளைத்துத் தாது எடுக்கும் அந்தக் கப்பலில் ஒரே ஒரு இருக்கைதான். பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஒண்டிக்கட்டை. வடிவமைத்தவன் நான்.

பத்து நிமிடத்துக்குள் டிரில்லைக் கழற்றிவிடாவிட்டால் அது சூடேறி முறியும். முறிந்தால் கேபினின் பக்கச் சுவரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

"ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கணும்ல?" என்றாள் ஒலிபெருக்கியில். "இடது பக்கம் இருக்கறது எட்ட மாட்டேங்குதுங்க."

எப்படி எட்டும்? அது நெட்டையின் பொத்தான்.

நெட்டை, டிரில் இயக்குபவன். முதல் மாடலில் இரண்டு இருக்கைகள், அருகருகே. அவள் கப்பலை ஓட்டுவாள், அவன் துளைப்பான். யாரும் கைதவறி டிரில்லைக் கழற்றிவிடக் கூடாது என்று கேபினின் இரண்டு கோடியிலும் ஆளுக்கொரு பொத்தான் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் வேலை செய்யும்.

சோதனை ஓட்டத்தில் அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். என் ஹெட்போனில் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. எங்கள் வீட்டுச் சுவர்கள் அதைக் கேட்டு வருடக்கணக்காகிறது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன்.

பதினொரு சென்டிமீட்டர்.

இரண்டாவது மாடலில் நடுவே ஒரு தடுப்பு வைத்தேன். பாதுகாப்புக்கு என்று எழுதிக் கொடுத்தேன். முகம் மறைந்தது. சிரிப்பு மறையவில்லை.

மூன்றாவது மாடலில் ஆளையே தூக்கிவிட்டேன். ஒரு ஆள், அவன் இருக்கை, அவன் குடிக்கும் தண்ணீர், சுவாசிக்கும் காற்று, எல்லாம் சேர்த்து நூற்றறுபது கிலோ. அறிக்கையில் இருநூற்றுப் பத்து என்று போட்டேன். அத்தனை கிலோ தாது கூடுதலாக வரும் என்றதும் நிர்வாகம் கை தட்டியது. கம்பெனி வெளியிட்ட மலரில் இந்த மாற்றத்துக்கு ஒரே வரிதான்: 'எடைக் குறைப்பில் ஒரு புரட்சி.'

ஆளைத் தூக்கியவன், அவன் பொத்தானை அங்கேயே விட்டுவிட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கிய நெட்டையைக் கட்டுப்பாட்டு அறையில் போட்டார்கள். அதுவும் என் பக்கத்து நாற்காலியில். என் சாதனை அவ்வளவுதான்.

இப்போது அவன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"ஏய், கால் எதுக்கு இருக்கு? பெல்ட்டைத் தளர்த்து. ஷூவைக் கழட்டிட்டுக் கட்டைவிரலால அமுக்கு!"

உயிர் போகிற நேரத்திலும் என் காதில் நின்றது அந்த 'ஏய்' மட்டும்தான். நேற்றுவரை 'மேடம்' என்றுதானே கூப்பிட்டான்?

எங்கள் குரல் போய்ச் சேர ஒன்பது விநாடி. அவள் குரல் வந்து சேர ஒன்பது விநாடி. அந்தப் பதினெட்டு விநாடியில் நான் எத்தனை கணக்குப் போட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

"கழட்டிட்டேன். சாக்ஸ்ல ஓட்டை இருக்கு. யாரும் சிரிக்கக் கூடாது."

"ஓட்டை போடறதுதானே நம்ம பொழப்பு!" என்றான் நெட்டை.

பதினெட்டு விநாடி கழித்து அதே சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவிலேயே 'டம்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சிவப்பு எழுத்துகள் அணைந்தன. 'டிரில் விடுபட்டது.'

நெட்டை மைக்கை என் முன்னால் வைத்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பேசுங்க சார், உங்க குரலைக் கேட்டா தைரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ வெளியே போனான்.

அறையில் நான் மட்டும். என்னைப்போல ஒரு அற்பன் உண்டா என்று தோன்றியது. மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

"இதோ பாரும்மா, தப்பு என் மேலதான். அடுத்த மாடல்ல ரெண்டாவது சீட்டைத் திரும்பப் போட்டுடறேன். வேற யாரும் வேணாம். டிரில் ஓட்ட நானே கத்துக்கறேன். இனிமே உன்கூட நானே வரேன்."

ஒன்பது விநாடி.

இன்னும் ஒன்பது.

அதற்கு மேலும் கொஞ்சம்.

"வேணாங்க. அந்த எடைக் கணக்கு பொய்னு நெட்டை அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு. நான்தான் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினேன். ரெண்டாவது சீட்டு இருந்தா, என்னிக்காவது நீங்களே அதுல வந்து உக்காந்துடுவீங்கன்னு தெரியும். நீங்க பக்கத்துல இல்லாத ஒரு இடம் எனக்கும் வேணுமே."